கிழக்குத் தெருவில் தமுக்கு

சர்க்கார் என்று ஒன்று இருப்பதே மூக்கையாவின் தொண்டை வழியாகத்தான் கொன்றைக்குளத்துக்குத் தெரியும். தீர்வை கட்டக் கடைசி நாள், ஜமாபந்திக்குத் தாசில்தார் வரும் நாள், குளத்து மீன் ஏலம், காணாமல் போன கிடேரி என்று எதுவானாலும் சரி. அவர் தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரின் நான்கு தெருவும் சுற்றி வந்து சொன்னால்தான் அது செய்தி. அதற்கு முன்னால் யார் சொன்னாலும் வெறும் பேச்சு.

ஊர் வெட்டியான் வேலை அது. அப்பனுக்குப் பிறகு இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் பார்க்கிறார். அந்த வேலைக்கென்று ஒரு ஏக்கர் புஞ்சை மானியம் இருந்தது. ஊருக்கு ஒதுங்கி அவர் குடியிருந்த கிழக்குத் தெருவின் அறுபது வீடுகளில், ‘என் காடு’ என்று சொல்லி ஏர் பிடித்தவர் அவர் ஒருவர்தான். அதில் விளைந்த சோளத்திலும் மொச்சையிலும்தான் அவரும் மனைவி பேச்சாயியும் வயிறு கழுவினார்கள். வேலை போனால் காடும் போகும்.

மற்றவர்கள் தலை காட்டத் தயங்கும் மேலத் தெருவில் அவர் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டு போகலாம். காலில் செருப்பு கூடாது, துண்டு இடுப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மனுஷனுக்கு இதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இல்லாத ஒன்றை இருப்பதாக அவர் தமுக்குப் போட்டதே கிடையாது. ஒரு வருஷம், தீர்வை வசூலிக்கும் ஊர் மணியகாரரின் மச்சினன், மீன் ஏலம் தள்ளிப்போனதாகப் பொய்யாகத் தமுக்குப் போடச் சொல்லி நச்சரித்தான். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மூக்கையாவுக்குத் தைரியம் ஏது? காய்ச்சல் என்று மூன்று நாள் கம்பளியைப் போர்த்திப் படுத்துக்கொண்டார். சித்திரை வெயிலில் கம்பளி. வேர்த்து ஊற்றியது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

சுதந்திரம் வந்து எட்டு வருஷம் கழித்துக் கொன்றைக்குளத்துக்குப் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. ஏழு இடத்தில் ஒன்று கிழக்குத் தெரு ஆட்களுக்கென்று சட்டம் ஒதுக்கிய தனி இடம். மனுக் கொடுக்க நாள் குறித்துத் தாள் வந்தது. மூக்கையா வழக்கம்போல நான்கு தெருவும் சுற்றித் தமுக்குப் போட்டார். “ஊரிலுள்ள எல்லாத் தெருவிலும் தமுக்குப் போடப்பட்டது” என்று மணியகாரர் உடையப்பன் எழுதி நீட்டிய சர்டிபிகேட்டில் பெருவிரலைப் பதித்தார். தமுக்கைச் சாவடியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கம்மங்கூழ் குடித்தார்.

அடுத்த சனிக்கிழமை அவருடைய தங்கை சிவனம்மாள் திண்டுக்கல்லிலிருந்து வந்தாள். புருஷன் செத்த பிறகு டவுனில் சுருட்டுக் கம்பெனியில் சுருட்டுச் சுற்றுகிறாள். வாரம் பூராவும் பேகம்பூர்ப் பக்கம் ஒரு சிநேகிதி வீட்டில் தங்கிக்கொண்டு சனிக்கிழமைதான் ஊர் பார்ப்பாள். மிஷன் பள்ளியில் ஐந்து வரை படித்தவள். கம்பெனிச் சங்கத்தில் நாலு பேர் முன்னால் எழுந்து பேசியும் பழகியவள். கிழக்குத் தெருப் பெண்கள் ஒரு குடத் தண்ணீருக்கு ஒன்றரை மைல் நடப்பதை நிறுத்தப் பஞ்சாயத்தில் ஒரு கிணறு கேட்க வேண்டும், அதற்குத் தானே நின்றுவிடுவது என்று மனசுக்குள் தீர்மானித்திருந்தாள். வந்தால், மனுக் கொடுக்கும் நாளே முடிந்திருந்தது. தனி இடத்துக்குக் காத்தமுத்து போட்டியில்லாமல் மெம்பர் ஆகிவிட்டான். காத்தமுத்து மணியகாரர் வீட்டுப் பண்ணையாள். நல்லவன்தான், பாவம். எசமான் உட்காரச் சொன்னால்கூட நாலு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான்.

“அண்ணே, தமுக்குப் போட்டியா இல்லையா?” என்றாள் சிவனம்மாள், வந்த வேகத்தில்.

“போடாம? தொண்டை கிழியப் போட்டேன்.”

“எங்கிட்டுப் போட்ட?”

“எப்பயும்போல நாலு தெருவுலயுந்தான்.”

“நம்ம தெருவுல?”

மூக்கையா அவளை விநோதமாகப் பார்த்தார். “நம்ம தெருவுல எதுக்கு ஆத்தா போடணும்?”

“வீட்ல சொன்னியா? மதினிகிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னியா?”

அடுப்படியிலிருந்து பேச்சாயி குரல் கொடுத்தாள். “இவரா? தெருவுல கத்துறதோட சரி. வீட்ல வாயத் தொறந்தா அது சோறு திங்கத்தான்.”

சிவனம்மாள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூக்கையாவுக்கு அப்போதும் பிடிபடவில்லை. தீர்வை கட்ட இங்கே யாருக்கு நிலம் இருக்கிறது? ஏலம் கேட்க யாரிடம் என்ன இருக்கிறது? அப்பனும் இந்தத் தெருவில் தமுக்குப் போட்டதில்லை, தாத்தனும் போட்டதில்லை. தமுக்கு என்பதே அடுத்தவர்களுக்குச் சொல்வதற்கு என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

திங்கட்கிழமை சிவனம்மாள் வக்கீல் அக்பர் அலியைப் பார்த்தாள். சுருட்டுத் தொழிலாளர் சங்கத்துக்கு வழக்கு நடத்துகிறவர். மெலிந்த மனுஷர், பொடி போடுகிற பழக்கத்தால் கறுப்புக் கோட்டின் முன்பக்கம் எப்போதும் பழுப்பாக இருக்கும். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, “உங்க அண்ணன் இதைக் கோர்ட்டுல வந்து சொல்லுவாராம்மா?” என்று மட்டும் கேட்டார். “அது அண்ணனுக்கே தெரியாதுங்க” என்றாள். ஆனாலும் தேர்தல் செல்லாது என்று அறிவிக்கக் கோரித் திண்டுக்கல் முன்சீப் கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார்கள்.

காத்தமுத்து பேருக்குத்தான் எதிர்மனுதாரர். அவனுக்கு வக்கீல் வைத்தது, சாட்சி சேர்த்தது, எல்லாம் உடையப்பன். கூப்பிட்ட நேரத்தில் பஞ்சாயத்தில் கை தூக்க ஓர் ஆள் கிடைத்திருக்கிறான், அதை விட்டுவிட அவருக்கு மனமில்லை. விசாரணைக்கு முந்தின நாள் மூக்கையாவைச் சாவடிக்குக் கூப்பிட்டனுப்பினார்.

“ஏலே மூக்கையா, நாளைக்குக் கோர்ட்டுல நீதான் நம்ம சாட்சி. கிழக்குத் தெருவுலயும் போட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை. அதுக்கு மேல நீ ஒண்ணும் பேச வேணாம்.”

“சாமி, நான் போடலீங்களே.”

“போடலேன்னா அப்ப கைநாட்டு ஏன் வச்ச? பொய் சர்டிபிகேட்டுல வச்சேன்னு சொன்னா மொதல்ல உள்ள போறது நீதான். வேலை போவும், காடு போவும். நான் உன் நல்லதுக்குத்தாம்லே சொல்றேன். போன வருசம் உன் பொஞ்சாதி படுத்தப்ப ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டி விட்டது யாரு?”

அதுவும் உண்மைதான். வண்டி அவர் வண்டி, ஓட்டியவன் அவர் பண்ணையாள். பேச்சாயி பிழைத்து வந்தது அந்த வண்டியால்தான். கெட்டவர் கெட்டதை மட்டுமே செய்தால் இந்த உலகத்தில் முடிவெடுப்பது எவ்வளவு சுலபமாக இருக்கும்! மூக்கையா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். சாப்பாடு இறங்கவில்லை.

“என்ன சொல்லப் போறீக?” என்று பேச்சாயி கேட்டாள்.

“காடு போயிரும் புள்ள.”

“அது தெரியுது. என்ன சொல்லப் போறீகன்னு கேட்டேன்.”

அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மணியகாரர் தரப்பு ஆட்களோடு மூக்கையா சாணார்பட்டி வரை நடந்து, அங்கிருந்து பஸ்ஸில் போனார். திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை தெரிந்ததுமே துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். கோர்ட்டில் முதலில் உடையப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் தோளில் சரிகைத் துண்டோடு கம்பீரமாகக் கூண்டில் ஏறினார். டபேதார் அருகில் வந்து, “துண்டை எடுங்க” என்றார். உடையப்பனுக்குக் காதில் விழவில்லையோ, விழுந்தும் நம்பவில்லையோ, அப்படியே நின்றார். “உங்களைத்தாங்க. தோள்ல துண்டு போடக் கூடாது இங்க.” மணியகாரர் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

மூக்கையா வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து அந்தத் தோளுக்கு முன்னால் தன் துண்டைத்தான் அவர் இறக்கியிருக்கிறார். அந்தத் தோளிலிருந்தும் ஒரு துண்டு இறங்கும் என்பது அவருக்குப் புதுச் செய்தி.

உடையப்பன் சர்டிபிகேட்டைக் காட்டி, எல்லாத் தெருவிலும் தமுக்குப் போட்டதாகச் சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்து மூக்கையா. அதே கூண்டு, அதே படி. கடவுள் அறிய உண்மை சொல்வதாகச் சத்தியம் வாங்கினார்கள். மணியகாரர் தரப்பு வக்கீல் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

“இந்தக் கைநாட்டு உன்னோடதா?”

“ஆமாங்க.”

“தமுக்குப் போட்டியா?”

“போட்டேங்க.”

“எல்லாத் தெருவிலயும்?”

மூக்கையா கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “எல்லாத் தெருவுலயுங்க” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. முன்சீப் சத்தமாகச் சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னார். மேசைக்கு அப்பால் சிவனம்மாள் தலை குனிந்துகொண்டாள்.

அக்பர் அலி எழுந்தார். மிரட்டவில்லை, கையை ஆட்டவில்லை. டீக்கடையில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

“மூக்கையா, எத்தனை வருஷமாத் தமுக்குப் போடுறீங்க?”

‘போடுறீங்க’ என்ற சொல் மூக்கையாவைச் சற்றே நிமிர வைத்தது. “இருவத்தி ரெண்டு வருசங்க.”

“அன்னிக்கு எங்கே ஆரம்பிச்சீங்க?”

“சாவடியிலங்க. அங்கதான் மொத அடி.”

“அப்புறம்?”

தொழிலைப் பற்றிக் கேட்டால் யாருக்குத்தான் வாய் கூசும்? மூக்கையா சொல்ல ஆரம்பித்தார். மேலத் தெருவில் மூன்று இடம், ஒவ்வொன்றிலும் இரண்டு தரம். வடக்குத் தெருவில் கோயில் முக்கு. பிறகு செட்டியார் தெரு, அங்கே கடைச் சத்தம் அதிகம் என்பதால் கூட ஒரு தரம். தெற்குத் தெருவில் செக்கடி. அங்கே செக்குக்காரர் மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். எதிர்வீட்டு அம்மாள் தூங்குகிற பிள்ளை எழுந்துவிட்டதென்று ஏசினாள். யார் யார் நின்று கேட்டார்கள், யார் கேட்காதது போல உள்ளே போனார்கள் என்றுகூட அவருக்கு ஞாபகம் இருந்தது. முன்சீப் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“செக்கடிக்கு அப்புறம்?”

“சாவடியில தமுக்க மாட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேங்க.”

“வீடு எந்தத் தெரு?”

“கிழக்குத் தெருங்க.”

“சாவடியில தமுக்கை மாட்டிட்டுன்னா வெறுங்கையோடதானே வீட்டுக்குப் போனீங்க?”

இன்னொரு பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. ‘பிறகு தமுக்கை மறுபடி எடுத்துக்கொண்டு கிழக்குத் தெருவுக்குப் போனேன்’ என்று சொன்னால் தீர்ந்தது. உடையப்பன் முன் பெஞ்சில் கையில் சுருட்டிய துண்டோடு அவரையே பார்த்தார். மூக்கையாவுக்கு அந்த ஒரு ஏக்கர் கண்ணில் நின்றது, மொச்சை பூத்திருக்கிற நேரம். பேச்சாயி ஏறிப் போன வண்டியும் நின்றது. ஆனால் செக்கடி வரை அடி அடியாகச் சொல்லி வந்தவருக்கு, அடிக்காத ஓர் அடியை அதோடு சேர்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தத் தமுக்கின் தோல் ஒரு பொய் சொன்னதில்லை. இனி ஒரு தரம் சொல்லிவிட்டால் பிறகு அதில் என்ன அடித்து என்ன? அவருக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

“சாமி, என்னைய மன்னிச்சிருங்க. மொதல்ல சொன்னது பொய்யி. கிழக்குத் தெருவுல நான் போடலை.”

மணியகாரர் தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். முன்சீப் அவரைக் கையமர்த்திவிட்டுத் தாமே கேட்டார். “போட வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா?”

இங்கே மூக்கையா நினைத்திருந்தால் முழுப் பழியையும் மணியகாரர் தலையில் போட்டிருக்கலாம். அக்பர் அலிகூட அதை எதிர்பார்த்துக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

“இல்லீங்க. வேணாமுன்னு யாரும் சொல்லலை, போடுன்னும் சொல்லலை. எங்கப்பன் போடலை, நானும் போடலை. தீர்வை, ஏலம், எல்லாம் நிலம் நீச்சு உள்ளவகளுக்கு. எங்க தெருவுல யாருக்குங்க அது? இதும் அதமாதிரின்னு நெனச்சுட்டேன். இது எங்களுக்கும் சேத்து வந்த தாளுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. தப்பு எம்மேலதான்.”

முன்சீப் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது போலத் தோன்றியது. மூக்கையா கூண்டிலிருந்து இறங்கியபோது சிவனம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “காடு போச்சு ஆத்தா” என்றார். அவள் பிடியை இறுக்கினாள்.

உடையப்பன் சும்மா இருக்கவில்லை. அன்று மாலையே சாவடியைப் பூட்டித் தமுக்கை உள்ளே வைத்துக்கொண்டார். கடமை தவறிய வெட்டியானை நீக்க வேண்டும் என்று தாசில்தாருக்கு எழுதினார். மூக்கையா இரண்டு வாரம் காட்டிலேயே கிடந்தார். பிடுங்கப் போகிற காடென்று தெரிந்தும் களை வெட்டினார். பேச்சாயி அவருக்குக் கஞ்சி கொண்டுபோனாள். திட்டுவாள் என்று பயந்திருந்தார், அவளோ தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக ஒரு கருவாட்டுத் துண்டும் வைத்திருந்தாள்.

“கூலிக்குப் போவோம். அறுபது வீடும் அப்படித்தானே பொழைக்குது?” என்றாள்.

தீர்ப்பு வந்தது. ஓட்டு கிழக்குத் தெருவுக்கும் உண்டு, ஆகவே அதைப் பற்றிய அறிவிப்பும் அந்தத் தெருவுக்குப் போயிருக்க வேண்டும், ஊர் வழக்கம் என்பது சட்டத்துக்குச் சமாதானம் ஆகாது என்று முன்சீப் எழுதியிருந்தார். தன் பிழைப்புக்குக் கேடு என்று தெரிந்தும் சாட்சி தன் பொய்யைத் தானே திருத்தி உண்மை பேசினார் என்றும் ஒரு வரி இருந்தது. தனி இடத்துத் தேர்தல் செல்லாது. அதன் பேரில் மேலிடத்திலிருந்து புதிதாக நாள் குறித்துத் தாள் வந்தது. மூன்று நாளுக்குள் கிழக்குத் தெருவில் தமுக்குப் போட வேண்டும், அத்தெரு ஆட்கள் ஐந்து பேரின் கைநாட்டோடு சர்டிபிகேட் அனுப்ப வேண்டும்.

தமுக்கு உடையப்பன் பூட்டுக்குள் இருக்கிறது. ஆனால் அடிப்பது யார்? மேலத் தெருவில் யாரும் அதைக் கையால் தொட மாட்டார்கள். அப்படித் தொடாமல் இருப்பதைத்தானே இத்தனை காலம் கௌரவமாக வைத்திருந்தார்கள். உடையப்பன் அடுத்த ஊர் வெட்டியான் சுருளிவேலுக்கு ஆள் அனுப்பினார். அவன் பணிவாகக் கும்பிட்டு, “அது மூக்கையா ஊருங்க சாமி. அவரு ஊர்ல நான் தமுக்குத் தொட்டா என் சாதிசனம் என்னைய ஒதுக்கி வச்சிரும். வழக்கம் அப்படிங்க” என்றான். வழக்கத்தைச் சொல்லியே ஊரை ஆண்டவருக்கு அதே வழக்கம் குறுக்கே நின்றது. போதாக்குறைக்கு, தாசில்தாரும் அவர் மனுவைத் திருப்பி அனுப்பியிருந்தார். கோர்ட்டில் உண்மை சொன்னதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்க விதி ஏதும் இல்லை என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் உடையப்பன் தாமே புஞ்சைக்கு வந்தார். வரப்பிலேயே நின்றார்.

“சாவடி தொறந்திருக்கு. போய்ப் போட்டுரு” என்றார் எங்கேயோ பார்த்துக்கொண்டு.

“போடுறேங்க” என்றார் மூக்கையா. ‘சாமி’ என்று சேர்த்துச் சொல்லவில்லை என்பதைக் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் அவரே கவனித்தார்.

தமுக்கோடு கிழக்குத் தெருவுக்குள் நுழைந்து முதல் அடி அடித்தபோது கை பிசகியது. வேலைக்குப் போகக் கிளம்பியவர்கள் எல்லாரும் வாசலுக்கு ஓடிவந்தார்கள். “என்ன மாமா, தெரு மாறி வந்துட்டீகளா?” என்று ஒருத்தி கேட்டாள். ஒரே சிரிப்பு. மூக்கையா இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிப் பழகிய ஆரம்பமெல்லாம் ‘சாமிமாரே, அய்யாமாரே’ என்றுதான் இருந்தது. சொந்த ஜனத்தை எப்படிக் கூப்பிட்டுத் தமுக்குப் போடுவது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “அண்ணந்தம்பிகளே, அக்கா தங்கச்சிகளே! இது நமக்கு வந்த தாளு!” என்று ஆரம்பித்தார். மேலத் தெருவரைக்கும் கேட்டது.

தேதியைச் சொன்னார், இடத்தைச் சொன்னார். மற்றத் தெருக்களில் சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். இங்கே விட்டார்களா? பொம்பளையும் நிக்கலாமா, கைநாட்டு வச்சா ஓட்டு செல்லுமா, யாருக்குப் போட்டோமுன்னு எசமானுக்குத் தெரியுமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னார், தெரியாததற்குச் சிவனம்மாளைக் காட்டினார். அவள் அன்று வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள்.

கூட்டம் கலைகிற நேரத்தில் காத்தமுத்து தயங்கித் தயங்கி அருகில் வந்தான். பண்ணையிலிருந்து எருச் சுமந்த கூடையோடு அப்படியே வந்திருந்தான்.

“அண்ணே, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளு அப்பு.”

“போன தடவை நான் நின்னது எனக்கே தெரியாது. எசமான் கைய நீட்டச் சொன்னாரு, நீட்டுனேன். மெம்பர்னு பெறகுதான் சொன்னாக. இந்தத் தடவை...” அவன் கூடையைக் கீழே வைத்தான். “இந்தத் தடவை நானா நிக்கலாமா? எசமானுக்காக இல்ல. நானா.”

மூக்கையா தங்கையைப் பார்த்தார். அவளை எதிர்த்து நிற்கத்தான் இவன் அவரிடமே வழி கேட்கிறான். சிவனம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்தமுத்துவை மேலும் கீழும் பார்த்தாள்.

“நில்லேன்ப்பா. நல்லா நில்லு. நான் உன்னைத் தோக்கடிக்கிறேன்.”

“பாப்போமே” என்றான் காத்தமுத்து. அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. சொன்ன பிறகு அவனே பயந்துபோய் மேலத் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தான், பிறகு சிரித்துவிட்டான்.

மூக்கையா சர்டிபிகேட்டை விரித்து, ஐந்து பேர் கைநாட்டு வேண்டும் என்றார். முதல் ஆளாகக் காத்தமுத்துதான் கையை நீட்டினான், சட்டென்று இழுத்துக்கொண்டு சிவனம்மாளைப் பார்த்தான். “இருங்க, என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல வாசிச்சுச் சொல்லுங்க” என்றான்.